திருவிழா நாளா, சனிக்கிழமைச் செயல்விளக்கமா? பிள்ளைகளோடு சிறப்பு அருங்காட்சியகம் போகிறவர்களுக்கு

அச்சுக்கலைக்கென்றே இருக்கும் ஓர் அருங்காட்சியகத்தின் அடுத்த மாத நிகழ்ச்சி நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் சனிக்கிழமை திருவிழா நாள்: காலையிலிருந்து இரவு வரை நிகழ்ச்சிகள், அனுமதி இலவசம். இரண்டாவது சனிக்கிழமை வழக்கமான அச்சுச் செயல்விளக்கம். மூன்றாவது வாரம் குழந்தைகளுக்கான பயிலரங்கு, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். நடுவில் ஒரு மாலைச் சொற்பொழிவு. மாதக் கடைசியில் ஓர் இரவு அங்கேயே படுத்துத் தூங்கும் நிகழ்ச்சி. எங்கள் வீட்டில் பத்து வயது மகள், ஐந்து வயது மகன், முழங்கால் வலியோடு என் அம்மா, அப்புறம் நானும் என் கணவரும். எல்லாவற்றுக்கும் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது?

ரயில், கடிகாரம், இசைக்கருவி, அச்சு என்று ஒரே பொருளைப் பற்றிய சிறப்பு அருங்காட்சியகங்களுக்குக் கடந்த இரண்டு வருடங்களாகக் குடும்பத்தோடு போய் வந்துகொண்டிருக்கிறோம். மேலே சொன்ன ஐந்து வகையிலும் ஒரு முறையாவது கலந்துகொண்டாகிவிட்டது. இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய பொது அருங்காட்சியகத்தில் கல்வெட்டு பிடிக்காத பிள்ளையை அடுத்த கூடத்து டைனோசரிடம் கூட்டிப்போய்விடலாம். ஒரே பொருளைப் பற்றிய இடத்தில் அது நடக்காது. முதல் கூடத்தில் நாற்பது கடிகாரங்கள் இருந்தால் இரண்டாவது கூடத்தில் இன்னும் நாற்பது இருக்கும். என் மகனுக்கு எண்பதும் ஒன்றுதான். யாராவது ஒருவர் பின்பக்க மூடியைத் திறந்து, இந்தச் சக்கரம் எப்படி அந்தச் சக்கரத்தைத் தள்ளுகிறது என்று காட்டும்போதுதான் ஒரு கடிகாரம் இன்னொன்றிலிருந்து பிரிந்து தெரியும்.

அந்த 'யாராவது ஒருவர்' இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க அந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆசையால் வந்து சேர்ந்த தன்னார்வலர், பழைய இயந்திரத்தை மாதக்கணக்கில் கழற்றி மாட்டியவர். இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் 1951-இல் ஓடத் தொடங்கிய ஹார்வெல் டெகட்ரான் என்ற கணினி இருக்கிறது. பல காலம் முடங்கிக் கிடந்ததைப் பழுது நீக்கி 2012-இல் மறுபடியும் இயக்கினார்கள். அது மிக மெதுவான இயந்திரம். அந்த வேகக் குறைவே பார்ப்பவர்களுக்கு வரம்: எண்கள் மாற மாற, அவற்றைக் காட்டும் கண்ணாடிக் குழல்களுக்குள் ஒளிப்புள்ளி நகர்வதைக் கண்ணால் பின்தொடரலாம். அமெரிக்காவில் மவுண்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில், 1959-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 1401 கணினியைத் தன்னார்வலர்கள் இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தால் இரண்டுமே பிள்ளைகளுக்கு வெறும் அலமாரிதான்.

அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அந்த நிகழ்ச்சியில் என் பிள்ளைக்கு, அந்தப் பொருளோடும் அதை அறிந்த மனிதரோடும் எத்தனை நிமிடம் கிடைக்கும்? டிக்கெட் விலை, நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை, விளம்பரப் படம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

திருவிழா நாள்

முதலில் எல்லோரையும் இழுப்பது இதுதான். எங்களையும் இழுத்தது. உலகம் முழுக்க இந்த வழக்கம் பெருகியிருக்கிறது. அருங்காட்சியகங்கள் நள்ளிரவு வரை திறந்திருக்கும் நீண்ட இரவை 1997-இல் பெர்லின் தொடங்கி வைத்தது, பிறகு பல நகரங்கள் பின்பற்றின. மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள், 1977-லிருந்து கொண்டாடப்படுகிறது. அந்த நாளை ஒட்டிப் பல இடங்களில் சிறப்பு நிகழ்ச்சிகள் இருக்கும்.

எங்கள் முதல் அச்சு அருங்காட்சியக அனுபவம் ஒரு திருவிழா நாளில்தான். கைப்பிடியை இழுத்து ஒரு தாள் அச்சடித்துப் பார்க்கலாம் என்று போட்டிருந்தார்கள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். முறை வந்தபோது மகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு இழுப்பு. அவள் "ஏன் மை உருளையில் மட்டும் ஒட்டுது?" என்று கேட்டாள். அங்கிருந்தவர் பதில் சொல்ல வாயெடுத்தார், ஆனால் பின்னால் அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. மகனுக்கு அப்போது மூன்று வயது. அவன் அன்று முழுக்கப் பார்த்தது பெரியவர்களின் முதுகைத்தான்.

சரி, அப்படியானால் திருவிழா நாளே வேண்டாமா என்றால், ஒரு காரணத்துக்காகப் போகலாம்: அன்று மட்டுமே நடக்கும் ஏதாவது ஒன்று இருந்தால். வருடத்தில் சில நாள் மட்டும் நெருப்பு மூட்டப்படும் நீராவி எஞ்சின். வழக்கமாகப் பூட்டியிருக்கும் கிடங்கு. லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் ஆக்டனில் இருக்கும் தன் கிடங்கைக் குறிப்பிட்ட சில நாள்களில்தான் பொதுமக்களுக்குத் திறக்கிறது. பழைய பேருந்து, ரயில் மேல் பித்து உள்ள பிள்ளைக்கு அந்த நாளை விட்டுவிடக் கூடாது. அப்படிப் போகும்போது கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வாசலுக்கு அருகில் இருப்பதில் நிற்காமல் நேராகக் கடைசிக் கூடத்துக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் கூட்டம் உங்களுக்கு எதிர்த்திசையில் இருக்கும். இலவசம் என்பதற்காக மட்டும் முதல் தடவையே அன்று போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளையின் மனதில் 'மியூசியம் என்றால் வரிசை' என்று பதிந்துவிட்டால் அதை மாற்ற வெகுநாள் ஆகும்.

வழக்கமான செயல்விளக்கம்

நிகழ்ச்சி நிரலில் கண்ணுக்கே படாத ஒரு வரியாக இருக்கும். 'சனிக்கிழமைகளில் 11 மணி, 3 மணி' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். படம்கூட இருக்காது. என் கணக்கில் முதல் இடம் இதற்குத்தான்.

திருவிழா நாள் முடிந்து இரண்டு மாதம் கழித்து, அதே இடத்துக்கு ஒரு சாதாரண சனிக்கிழமை போனோம். மொத்தம் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள், அதில் ஐந்து பேர் நாங்கள். முன்பு கம்போசிட்டராக, அதாவது அச்சு எழுத்துகளைக் கோப்பவராக, இருந்த பெரியவர் ஒருவர் ஈய எழுத்துகள் நிறைந்த கேஸ் என்ற தட்டைக் காட்டினார். பிறகு மகள் கையில், எழுத்துகளை வரிசையாகக் கோக்கும் ஸ்டிக் என்ற சின்னச் சட்டத்தைக் கொடுத்து, "உன் பேரைக் கோத்துக் காட்டு" என்றார். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல வலம் இடமாக இருப்பதை அவள் முதலில் கவனிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கிக் கோத்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதில் ஒரு எழுத்து தலைகீழாக இருந்ததை நான் பார்த்துவிட்டேன். அவரும் பார்த்துவிட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். திருத்தவில்லை. மை தடவி, தாள் வைத்து, அவளையே இழுக்கச் சொன்னார். தாளைத் திருப்பிப் பார்த்ததும் அவளே கண்டுபிடித்தாள். "அதனாலதான் புரூஃப் எடுக்கறோம்" என்றார். புரூஃப் என்றால் என்ன என்று அவள் இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அன்று நான் எதிர்பார்க்காத இன்னொன்று நடந்தது. ஒரு மூலையில் பழைய தட்டச்சு இயந்திரம் இருந்தது. அம்மா திருமணத்துக்கு முன்னால் தட்டச்சு செய்து சம்பாதித்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விசைகளைப் பார்க்காமலே ஒரு வரி அடித்தார். பேரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அந்தப் பெரியவர் அம்மாவிடம் ரிப்பன் சிக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க, இருவரும் பத்து நிமிடம் தொழில் பேசினார்கள். வீட்டில் முழங்கால் வலியாக மட்டும் தெரிந்த பாட்டி, அங்கே நிபுணர் ஆகிவிட்டார். டயல் போன், தையல் இயந்திரம், கைக்கடிகாரம், பழைய கேமரா என்று சிறப்பு அருங்காட்சியகங்களில் இருக்கும் பல பொருள்கள் வீட்டுப் பெரியவர்கள் கையால் பயன்படுத்தியவை. கூட்டமில்லாத நாளில் மட்டும்தான் அவர்கள் பேச இடம் கிடைக்கும்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமில்லை. 1990-களில் அமெரிக்காவில் பிலடெல்பியா வட்டாரத்தில் நான்கு நிறுவனங்கள் சேர்ந்து, குடும்பங்கள் காட்சிகளிடம் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராய்ந்தன. குடும்பத்துக்கு ஏற்ற காட்சியின் இயல்புகளாக அவர்கள் சொன்னவற்றில் எனக்கு மிகவும் உதவியவை மூன்று: எல்லாப் பக்கமும் சுற்றி நிற்க முடிய வேண்டும், ஒரே நேரத்தில் பல கைகளும் உடல்களும் ஈடுபட முடிய வேண்டும், பார்ப்பது ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒன்றோடு தொடுப்புக் கொண்டதாக இருக்க வேண்டும். நடுவில் மேசை போட்டு, சுற்றி ஒன்பது பேர் நிற்கும் செயல்விளக்கத்தில் இந்த மூன்றும் தானாக அமைந்துவிடுகின்றன. பார்வையாளர் தானே இயக்கிப் பார்க்கும் மாதிரிகளை வைக்கும் வழக்கம் பழையதுதான். ஆஸ்கர் ஃபான் மில்லர் என்ற பொறியாளர் 1903-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் தொடங்கிய டாய்ச்சஸ் மியூசியம் என்ற அறிவியல், தொழில்நுட்ப அருங்காட்சியகம் அதற்குப் பெயர் பெற்றது. ஆனால் பொத்தானை அழுத்துவதோடு நின்றுவிட்டால் என் மகன் பத்து தடவை அழுத்திவிட்டு ஓடிவிடுவான். கூட ஒரு மனிதர் இருந்து "இப்போ எது முதல்ல அசைஞ்சுது, பார்த்தியா?" என்று கேட்டால்தான் பதினோராவது தடவை கவனித்து அழுத்துவான்.

இதில் குறைகளும் உண்டு. பழைய இயந்திரம் திடீரென்று பழுதாகும். போய்ச் சேர்ந்த பிறகு 'இன்று இயங்காது' என்ற அட்டையைப் பார்த்து ஒரு கடிகார அருங்காட்சியகத்திலிருந்து ஏமாற்றத்தோடு திரும்பியிருக்கிறோம். இன்னொரு இடத்தில் செயல்விளக்கம் தந்தவர் நாற்பது நிமிடமும் தானே பேசினார், பிள்ளைகளைத் தொட விடவில்லை. அதனால் கிளம்பும் முன் போன் செய்து மூன்று விஷயம் கேட்டுவிடுகிறேன்: இன்று இயந்திரம் ஓடுகிறதா, வழக்கமாக எத்தனை பேர் வருவார்கள், பிள்ளைகள் கையால் செய்து பார்க்க ஏதாவது உண்டா. எதிர்முனையில் இருப்பவர் மூன்றாவது கேள்விக்குச் சொல்லும் பதிலின் குரலே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

பயிலரங்கு

பயிலரங்குகளில் நல்லதும் உண்டு, பணத்துக்குக் கேடும் உண்டு. பிரித்தறிய ஒரு சோதனை போதும்: இதே வேலையை வீட்டு மேசையில் செய்ய முடியுமா? ரயில் அருங்காட்சியகத்தில் அட்டையில் ரயில் வெட்டி வண்ணம் அடிப்பது வீட்டிலும் நடக்கும். அதற்காக முன்பதிவு செய்து, பயணம் போய், கட்டணம் கட்ட வேண்டாம். எங்களுக்குப் பிடித்த பயிலரங்கு ஓர் இசைக்கருவி அருங்காட்சியகத்தில் நடந்தது. அட்டைப்பெட்டியில் ரப்பர் வளையம் மாட்டி ஒரு தந்திக் கருவி செய்யச் சொன்னார்கள். அதுவரை வீட்டு வேலைதான். அப்புறம் அதைக் கையில் கொடுத்தே கூடங்களுக்கு அனுப்பி, "உன் பெட்டி மாதிரியே வேலை செய்யும் கருவிகளைக் கண்டுபிடித்து வா" என்றார்கள். மகள் ஏழு கருவிகளோடு திரும்பி வந்தாள். எந்தப் பெட்டி பெரியதோ அதன் ஒலி ஏன் வேறு என்று அவளே விளக்கினாள். காட்சிப்பொருள்கள் இல்லாமல் அந்தப் பயிலரங்கு நடக்கவே முடியாது.

வயது வரம்பை மதியுங்கள். ஏழிலிருந்து பத்து என்று போட்டிருந்தால் அங்கே கத்தரியோ சூடோ நுணுக்கமான கைவேலையோ இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையை ஏழு என்று சொல்லி உட்கார வைத்தால் அவனுக்கும் கஷ்டம், சொல்லிக்கொடுப்பவருக்கும் கஷ்டம். வயது வித்தியாசம் உள்ள இரண்டு பிள்ளைகள் இருந்தால் பயிலரங்கு குடும்பத்தைப் பிரித்துவிடும் என்பதுதான் இதன் பெரிய குறை. மகள் உள்ளே இருந்த இரண்டு மணி நேரமும் நான் மகனோடு தாழ்வாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். அதைத் தெரிந்துகொண்டே பதிவு செய்யுங்கள்.

வழிகாட்டியோடு சுற்றுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. குடும்பங்களுக்கென்றே நடத்தும் சுற்று என்றால் நல்லது, பொதுச் சுற்றில் பிள்ளைகளோடு சேர வேண்டாம். வாசலில் தரும் கேள்வித்தாள்களில் ஓர் ஆபத்து உண்டு: பிள்ளை பொருளைப் பார்க்காமல் விடையை மட்டும் தேடி ஓடும். அதற்குப் பதில், உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைனும் ஓவியங்களைப் பார்க்க உருவாக்கிய மூன்று கேள்விகளை நான் எடுத்துக்கொண்டேன். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? நெசவுத் தறிக்கும் இவை பொருந்தும், கடிகாரத்துக்கும் பொருந்தும். செலவே இல்லாத நிகழ்ச்சி இது.

இரவுத் தங்கல்

பிள்ளைகள் கனவு காண்பது இதைத்தான். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 94 அடி நீலத் திமிங்கல மாதிரியின் கீழே பிள்ளைகள் படுத்துத் தூங்கும் நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டினால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? அளவுகோலின்படி பார்த்தாலும் இதுதான் அதிக நிமிடம் தருவது. விளக்கு அணைந்த கூடத்தில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு நீராவி எஞ்சினைப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. மகள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறாள்.

ஆனாலும் முதல் தடவைக்கு வேண்டாம். இந்த வரிசையில் பெரும்பாலும் செலவு அதிகம் பிடிப்பது இதுதான். தரை கடினம், அவசர வழி விளக்குகள் இரவெல்லாம் எரியும், யாரோ ஒரு பிள்ளை நடுராத்திரியில் அழும், மறுநாள் யாரும் ஒரு வேலைக்கும் ஆக மாட்டார்கள். குறைந்தபட்ச வயது, இத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற விதி இருக்கும். வயதானவர்களுக்குச் சரிப்படாது. அந்த இடத்தை ஏற்கெனவே நாலு தடவை பார்த்து, 'என் எஞ்சின்' என்று ஒன்றைச் சொந்தம் கொண்டாடும் பிள்ளைக்கு இது வாழ்நாள் பரிசு. புதிதாக வருகிற பிள்ளைக்கு இருட்டில் ஒரு பெரிய இரும்பு, அவ்வளவுதான்.

மாலைச் சொற்பொழிவு பிள்ளைகளுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது பாதிதான் சரி. லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனம் இளையவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1825-இல் தொடங்கியது. அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே அங்கே பத்தொன்பது தொடர்கள் நடத்தியிருக்கிறார். ஒரு மெழுகுவத்தியை வைத்தே ஒரு தொடர் முழுக்கப் பேசியிருக்கிறார். மேடையில் ஏதாவது எரிய வேண்டும், சுழல வேண்டும், உடைய வேண்டும். அறிவிப்பில் 'செய்முறையோடு' என்று இருந்தால் பத்து வயதுப் பிள்ளையைத் தைரியமாகக் கூட்டிப்போகலாம், வெறும் படக்காட்சி என்றால் பெரியவர்கள் மட்டும் போகலாம். பெரியவர்களுக்கென்றே சில இடங்கள் தனி மாலைகள் நடத்துகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் தொடங்கிய எக்ஸ்புளோரட்டோரியம் என்ற, தொட்டு இயக்கிப் பார்க்கும் அறிவியல் அருங்காட்சியகத்தில் வியாழக்கிழமை மாலைகள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பெற்றோரும் ஒரு மாலை பொத்தான்களை அழுத்திப் பார்க்கலாமே.

கூட்டமும் சத்தமும் தாங்காத பிள்ளை வீட்டில் இருந்தால் மேலே சொன்ன வரிசையெல்லாம் மாறிவிடும். லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக வழக்கமான நேரத்துக்கு முன்பே கதவைத் திறக்கும் காலைகளை நடத்துகிறது. இப்படி அமைதி நேரம் உங்களுக்கு அருகில் இருக்கும் இடத்தில் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், கூட்டம் குறைந்த நேரம் எது என்று கேளுங்கள். சிறிய அருங்காட்சியகங்களில் இதற்கு மனமுவந்து பதில் சொல்வார்கள், சில நேரம் விளக்கைக் குறைத்து, ஒலிப்பதிவை நிறுத்தியும் வைப்பார்கள்.

ஆண்டுச் சந்தா கட்டலாமா?

கணக்கு எளிது. சந்தாத் தொகையைக் குடும்பத்தின் ஒரு தடவைச் செலவால் வகுத்துப் பாருங்கள். விடை மூன்று வந்து, நீங்கள் வருடத்துக்கு இரண்டு தடவைதான் போவீர்கள் என்றால் வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒரு லாபம் உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 1916-இலேயே அருங்காட்சியகக் களைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். தாழ்வாக வைத்த பொருளைப் பார்க்கவும் குறிப்பைப் படிக்கவும் ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்தே காட்டினார். டிக்கெட் வாங்கி உள்ளே போனால், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு அலைவோம். சந்தா இருந்தால் நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, பையன் சிணுங்கத் தொடங்கும் முன்பே வெளியே வந்துவிடலாம். எங்கள் சந்தாவை இந்த ஒரு காரணத்துக்காகவே புதுப்பித்தோம். இரண்டு செயல்விளக்கங்களுக்குப் போய், பிள்ளைகள் மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் கட்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மறுபடியும் அடுத்த மாத நிரல். இரண்டாவது சனிக்கிழமைச் செயல்விளக்கத்துக்கு ஐவரும் போகிறோம், அம்மா தன் பழைய சுருக்கெழுத்து நோட்டை அந்தப் பெரியவரிடம் காட்ட எடுத்து வைத்துவிட்டார். பயிலரங்கு காகிதப் பூ செய்வது என்பதால் விட்டுவிட்டோம். இரவுத் தங்கல் மகன் ஏழு வயதைத் தொட்ட பிறகு. திருவிழா நாள் மட்டும் இழுபறியாக இருந்தது. ஆளுயரப் பெரிய அச்சு இயந்திரத்துக்கு வருடத்தில் அன்று ஒரு நாள்தான் மை ஏற்றுகிறார்கள் என்று மகள் கண்டுபிடித்து வந்து நின்றாள். அதனால் அவளும் நானும் மட்டும், கதவு திறக்கும் நேரத்துக்குப் போய், நேராகக் கடைசிக் கூடத்துக்கு நடக்கப்போகிறோம்.